கேட்டுப் பக்கம் நின்ற வரிசை

முப்பது வருஷம் மற்றவர்களை ஓடச் சொன்ன என்னை, இப்போது என் முழங்கால் உட்காரச் சொல்கிறது. அதனால்தான் உங்கள் கூட்டத்துக்கு வர முடியவில்லை. பேசச் சொன்னதை எழுதி அனுப்புகிறேன். கல்லூரிகளில் புதிதாக உடற்பயிற்சி ஆசிரியைகளாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. மாணவிகள் வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை, எவ்வளவு கண்டிப்பாக இருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பைப் பற்றிக் கேட்க நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். விருதுநகரில் என்னைவிடக் கண்டிப்பானது ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் ஒன்றுதான் என்பார்கள். அதுகூடச் சில நாள் நின்றுபோகும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பெண்கள் கல்லூரியில். என் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், அம்மா நர்ஸ். சென்னைக்குப் போய் உடற்பயிற்சிக்குப் படித்துவிட்டு வந்த பெண் என்று ஊரில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். "பொம்பளைப் பிள்ளைக எதுக்கு ஓடணும், பஸ்ஸைப் பிடிக்கவா?" என்று என் காதில் விழும்படியே கேட்டவர்கள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் என் பக்கம் இருந்தது. புகுமுக வகுப்பான பி.யு.சி. படித்தாலும் பட்டப்படிப்புப் படித்தாலும், உடற்பயிற்சி வகுப்புக்கு இத்தனை நாள் வந்தாள் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். கணக்கில் நூறு வாங்குகிறவளாக இருந்தாலும் என் பதிவேட்டைத் தாண்டித்தான் பரீட்சை ஹாலுக்குள் போக வேண்டும். அந்த அதிகாரம் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மாதத்திலேயே ஊர் எனக்கு ஒரு குட்டு வைத்தது. அதைச் சொல்லிவிட்டுப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மாலை நாலு மணி வகுப்பு. பிள்ளைகளை நிற்க வைத்து, படித்த படிப்பின்படி, "மூச்சை நன்றாக இழுங்கள், இன்னும் ஆழமாக" என்றேன். அப்போது பார்த்துக் காற்று மிளகாய்க் கிடங்குகள் பக்கமிருந்து திரும்பியது. அம்பது பிள்ளைகளும் ஒன்றுபோலத் தும்ம, கண்ணில் நீர் வழிய, மூக்கைச் சிந்திக்கொண்டு நான் மட்டும் எண்ணிக்கையை விடவில்லை. ஒரு பிள்ளை, "மிஸ், இந்தக் காத்துல எங்க ஊரு மாடுகூட மூச்சு விடாது" என்றது. மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்குமுன் வேப்பமரத்து இலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டேனே தவிர, மனுஷர்களைப் பார்க்க இன்னும் சில வருஷம் ஆயிற்று.

என்னிடம் ஒரு பித்தளை விசில் இருந்தது. சென்னையில் படித்து முடித்தபோது என் சம்பாத்தியம் என்று கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். அதை ஊதினால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். என் சட்டம் இதுதான்: விசில் ஊதி முடிக்கும்போது வரிசையில் இல்லாதவள், மைதானத்தில் எங்கே நின்றாலும் அன்றைக்கு வராதவள். வரிசை நிற்கிற இடம் கட்டிடத்து வராண்டாவை ஒட்டி. ரோட்டைப் பார்த்த பெரிய கேட் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டிகள் எந்நேரமும் போய்வருகிற ரோடு. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பெற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் வரிசையை உள்ளே தள்ளி வைத்திருந்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, பி.யு.சி.யில் முத்துமாரி என்று ஒரு பெண் சேர்ந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். பேச்சு குறைவு, முழங்கைகள் மட்டும் கூர்மை. முதல் வகுப்பில் நான் விசிலை ஊதினேன். எல்லாரும் வராண்டா பக்கம் ஓடி வந்தார்கள். இவள் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள். செருப்பு இரண்டும் கிடந்த இடத்தில் கிடக்க, மைதானத்தைக் குறுக்கே வெட்டி, கேட்டைத் தொட்டுத்தான் நின்றாள். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது.

முதல் நாள் கிராமத்துப் பிள்ளை, தெரியவில்லை என்று விட்டேன். அடுத்த வகுப்பிலும் அதே ஓட்டம். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிறாள் என்று முடிவுகட்டி, "உனக்கு அந்தக் கேட்டுதான் பிடிக்கும் என்றால் அங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு வரவில்லை என்று குறித்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வகுப்புக்கும் வராமலும் இருக்கவில்லை. வருவாள், விசில் கேட்டதும் போவாள், வகுப்பு முடிகிறவரை கேட்டுப் பக்கம் நிற்பாள்.

ஒருநாள் விசிலை வாயில் வைக்கும்போது பார்த்தேன், அவள் வாலிபால் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ஊதினேன். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது, ஆனால் கம்பத்தை விடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன, கம்பத்தோடு கல்யாணமா?" என்று கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் கையை விட்டுவிட்டுக் கேட்டுக்கு நடந்தே போனாள். இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பரீட்சைக்கு முன்னால் வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஒட்டுவோம். அந்த வருஷப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது. இருபத்திரண்டு நாள் குறைவு. வீட்டுக்குக் கடிதம் போயிற்று. பல்கலைக்கழகத்துக்குப் பட்டியல் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று காலையில் அவள் அப்பா வந்து என் அறை வாசலில் நின்றார். சாயங்கால மெயில் ரயிலில் உறை போயாக வேண்டும். அது போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போய்விடும். ஒரு வருஷம் போனால் அந்த ஊரில் ஒரு பெண்ணை மறுபடியும் படிக்க அனுப்புவார்களா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பட்டாசு செய்கிற ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன், வேலையாட்களை மேற்பார்க்கிறவர். வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார், இருந்தாலும் நகக்கண்களில் வெள்ளி நிறப் பொடி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, எம் பிள்ள வகுப்புக்கு வரலைன்னு எழுதியிருக்கீக. நெசமாவே வரலையா?"

"வந்தாள். ஆனால் வரிசைக்கு வரவில்லை. நான் விசில் ஊதினால் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வருகிறார்கள், உங்கள் பெண் மட்டும் கேட்டுக்கு ஓடுகிறாள். ஒரு நாள் இல்லை, இருபத்திரண்டு நாள்" என்றேன். என் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். பெருமையாகத்தான் வைத்தேன்.

அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். 

"அது நான் பழக்குன பழக்கம் டீச்சரம்மா" என்றார். "எங்க கம்பெனில விசிலு சத்தம் கேட்டா, கையில என்ன இருந்தாலும் அங்கனயே போட்டுறணும். செருப்பத் தேடக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது. வெட்டவெளிக்கு ஓடிறணும். அம்புட்டுதான் சட்டம். பள்ளிக்கூடம் லீவு விட்டா இவளும் வந்து திரி சுத்துவா. நான் வாரத்துக்கு ஒருக்கா சும்மாவே ஊதிப் பாப்பேன். மொத ஆளா வெளிய நிக்கிறவ எம் மகதான்."

"அதற்காக இங்கேயுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"ஒருநா நெசமாவே ஊத வேண்டியதாப் போச்சு. அவ இருந்த ரூம்ல நாலு பிள்ளைக. மூணு பேரு வெளிய வந்தாக. ஒருத்தி வாசல் வரைக்கும் வந்துட்டு, தூக்குவாளிய எடுக்கத் திரும்புனா. இவளுக்குச் சேத்தாளி அந்தப் பிள்ள, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் திரிவாக." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் இவளக் கம்பெனிப் பக்கமே விடல. படிக்கட்டும்னு இங்கன கொண்டாந்து சேத்தேன். அன்னைக்கி ஓடுனதாலதான் டீச்சரம்மா எம் பிள்ள உசுரோட இருக்கா. இப்ப ஓடுனதாலதான் பரீட்ச எழுதக்கூடாதுங்கீக. நான் அவளுக்கு என்னன்னு சொல்லட்டும்?"

 கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த இரண்டு கைகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவரை வராண்டாவில் உட்காரச் சொல்லிவிட்டு வகுப்பிலிருந்து முத்துமாரியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க கேக்கல மிஸ்" என்றாள். பிறகு, "சொன்னா எல்லாரும் பாவம்னு பாப்பாக. அதுக்குச் சிரிச்சாலே பரவால்லன்னு இருந்துட்டேன். அன்னைக்கிக் கம்பத்தப் பிடிச்சது கேலிக்கு இல்ல மிஸ். நிக்கணும்னுதான் பிடிச்சேன். காலு எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

ஏன் என்று கேட்க எனக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. "தப்பு என்னுடையது, முத்துமாரி" என்று சொன்னேன். ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தபோது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

விஷயம் கேள்விப்பட்ட ஆபீஸ் குமாஸ்தா, நல்ல மனுஷர், மெதுவாக என் அறைக்கு வந்தார். "மிஸ், நம்மகிட்ட மை அழிக்கிற மருந்து இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது" என்றார். சபலம் தட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். என் பதிவேட்டில் அதுவரை ஒரு அடித்தல் கிடையாது, அதில் எனக்கு அவ்வளவு கர்வம். ஆனால் சென்னையில் எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மா ஒருவர் சொன்னது அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது. "பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி, பக்கத்தில் கையெழுத்துப் போடு. உன் தப்பு உன் பெயரோடு கிடக்கட்டும்" என்பார். இருபத்திரண்டு கட்டத்திலும் அடித்து, இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டேன். கீழே, 'மாணவி மைதானத்தில் இருந்தார். வரவில்லை என்று குறித்தது என் தவறு' என்று எழுதினேன். பார்க்க அந்தப் பக்கம் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி ஆகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு பிரின்ஸிபாலிடம் போனேன். அவர் கணக்குப் பேராசிரியை, நாகர்கோவில்காரர், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தால் இந்தப் பக்கத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் வேலைக்கே சிக்கல் வரலாம், தெரியுமா?"

"தெரியும்."

"சரி. அவள் மைதானத்தில் இருந்தாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி என்ன சொல்கிறது? மைதானத்தில் நின்றால் போதும் என்றா சொல்கிறது? உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அவள் என்ன செய்தாள்?"

நியாயமான கேள்வி. பாவம் பார்த்து அதைத் தாண்டிவிட முடியாது. "ஓடினாள்" என்றேன். "என் வகுப்பிலேயே அதிகம் ஓடியவள் அவள்தான். அவள் தப்பான இடத்துக்கு ஓடவில்லை. நான்தான் வரிசையைத் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். இன்றைக்கு மூன்று மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

வரிசையைப் பற்றிச் சொன்ன அந்த வாக்கியம் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. வரிசையைக் கேட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பிரின்ஸிபாலுக்கும் புரிந்துவிட்டது. "ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்களே?" என்றார்.

"பார்க்கட்டும். ஓடுகிற பிள்ளைகளைத்தானே பார்க்கப்போகிறார்கள்" என்றேன்.

மூன்று மணிக்கு முன்னால் முத்துமாரியைத் தனியாக அழைத்தேன். "விசில் வேண்டாம் என்றால் சொல், கை தட்டிக் கூப்பிடுகிறேன். உன் இஷ்டம்தான்" என்றேன். 

"எல்லாரும் ஓடுவாகளா மிஸ்?"

"எல்லாரும் ஓடுவார்கள்."

"அப்ப ஊதுங்க" என்றாள்.

பிள்ளைகளை வராண்டா ஓரத்தில் நிறுத்தி ஆளுக்கொரு மர டம்பெல் கொடுத்துக் கைப்பயிற்சி தொடங்கினேன். வகுப்பில் ஒருத்தருக்கும் கதை தெரியாது, நானும் சொல்லவில்லை. அது அவளுடைய கதை. "இனிமேல் புதுச் சட்டம்" என்று மட்டும் சொன்னேன். "விசில் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட வேண்டும். செருப்பைத் தேடக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. கேட்டுக்கு ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். முதலில் போகிறவள் மற்றவர்களை எண்ண வேண்டும்." பிரின்ஸிபால் வராண்டாவில் கைக்கடிகாரத்தோடு நின்றார். கேட்டுக்கு வெளியே முத்துமாரியின் அப்பா நின்றார்.

ஊதினேன்.

டம்பெல்கள் கடகடவென்று விழுந்தன. முத்துமாரி கிளம்பியதை நான் பார்க்கவே இல்லை. பார்க்கும்போது பாதி மைதானத்தில் இருந்தாள். மற்றவர்கள் தாவணியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கூச்சலோடு பின்னால் ஓடினார்கள். பாதி வழியில் ஒரு பெண்ணுக்குச் செருப்பு கழன்றது. பட்டணத்துப் பிள்ளை, புதுச் செருப்பு. நின்று, அதை எடுக்கத் திரும்பினாள்.

"திரும்பாத! வா!"

கேட்டுப் பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம். ஒரு வருஷமாக வாயே திறக்காத பெண்ணின் குரல். அதற்கு முன்னால் என் விசில் என்ன விசில்! அந்தப் பட்டணத்துப் பிள்ளை வெலவெலத்துப்போய்ச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். அவள் வந்து சேர்கிற வரைக்கும் முத்துமாரி நீட்டிய கையை மடக்கவில்லை. வந்ததும் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. 

பிறகு அவள் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டு எண்ணினாள். நானும் பிரின்ஸிபாலும் மைதானத்தைக் கடந்து அங்கே போய்ச் சேரும்போது அவள் எண்ணி முடித்திருந்தாள். முகம் முழுக்க வேர்வையும் கண்ணீரும்.

"அம்பத்தி நாலு" என்றாள். "எல்லாரும் வந்தாச்சு மிஸ்."

கேட்டுக்கு வெளியே அவள் அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டில் ஒரு மிளகாய் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்ஸிபால் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டார். அங்கேயே, கேட்டுத் தூணில் பதிவேட்டை வைத்து, என் இருபத்திரண்டு கையெழுத்துக்கும் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். சாயங்கால மெயிலில் போன உறையில் குறைவுப் பட்டியல் இல்லை.

முத்துமாரி பரீட்சை எழுதினாள், தேறினாள், எங்கள் கல்லூரியிலேயே பட்டமும் வாங்கினாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆய்வுக்குழு பின்னால் வந்தது உண்மை. அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இது என்ன அம்மா, இத்தனை கையெழுத்து?" என்று கேட்டார்கள். "நான் செய்த தப்பு, எண்ணிக்கொள்ளுங்கள்" என்றேன். எண்ணிவிட்டுப் போனார்கள். என் பணிக்காலத்தில் கோப்பைகளும் கேடயங்களும் நிறைய வந்தன, அலமாரியில் இருக்கின்றன. ஆனால் எனக்கு யாராவது மரியாதை செய்ய வேண்டும் என்றால் அந்தக் குப்பைமேட்டுப் பக்கத்தைக் காட்டிச் செய்யட்டும்.

ஆகவே, எவ்வளவு கண்டிப்பாக இருக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு: வேண்டிய மட்டும் இருங்கள். விதியைத் தளர்த்தாதீர்கள், பதிவேட்டை அழிக்காதீர்கள், பொய் மருத்துவச் சான்றிதழைத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் ஒரு பிள்ளை வரிசைக்கு வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுதுமுன் ஒரு தடவை ஏன் என்று கேளுங்கள். வரிசைதான் தப்பான இடத்தில் இருக்கிறதோ என்றும் பாருங்கள்.

வரிசையை நான் மறுபடி உள்ளே கொண்டுபோகவில்லை. பெற்றவர்கள் சிலர் வந்து சத்தம் போட்டார்கள், பிறகு அவர்களே ரோட்டோரம் நின்று தங்கள் பிள்ளை எத்தனையாவதாக வருகிறாள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், மாலையும் பேச்சும் முடிந்த பிறகு, கடைசியாக ஒரு தடவை விசிலை ஊதினேன். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் முத்துமாரியைத் தெரியாது. கையில் இருந்த பூவையும் காபி டம்ளரையும் அப்படியே போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினார்கள். அழுதுகொண்டு நின்ற என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போய்ச் சேர்ந்தவள், பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு முதல் வருஷப் பெண், தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு அங்கிருந்து கத்தினாள்.

"எல்லாரும் வந்தாச்சு மிஸ்!"